வடக்கு டகோட்டா கவுண்டி மக்கள்தொகை மாற்றம்: எந்தப் பட்டியல், எந்தத் தொடர்?

நிலவன்

வணக்கம். அமெரிக்க மாநிலமான வடக்கு டகோட்டாவின் 53 கவுண்டிகளுக்கும் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) 2010–2020 மக்கள்தொகை மாற்றத்தை வரைபடமாகப் போடுகிறேன். பிறகு வந்த ஆண்டு மதிப்பீடுகளையும் சேர்க்கவேண்டும். மூன்று இடத்தில் முட்டுகிறது.

ஒன்று, பிஸ்மார்க் மெட்ரோ பகுதியின் 2010 எண்ணிக்கை 1,08,779, 1,10,625, 1,14,778 என்று மூன்று விதமாகக் கிடைக்கிறது. இரண்டு, மைனாட் ஒரு கோப்பில் மைக்ரோபாலிட்டன், இன்னொன்றில் மெட்ரோபாலிட்டன். மூன்று, 2019 மதிப்பீட்டையும் 2020 சென்சஸையும் வரிசையாக வைத்தால் ஒன்பது மாதத்தில் மாநிலத்துக்குள் 17,000 பேர் புதிதாக நுழைந்ததுபோல் வருகிறது. மெட்ரோ அல்லாத கவுண்டி எல்லாவற்றையும் 'கிராமப்புறம்' என்று ஒரே நிறத்தில் காட்டலாமா என்பதும் தெரியவேண்டும்.

தாமரைச்செல்வி

முதலில் கவுண்டி அளவிலேயே நில்லுங்கள். மெட்ரோ (பெரிய நகரை மையமாகக் கொண்டது), மைக்ரோ (சிறிய நகரை மையமாகக் கொண்டது) எல்லாம் கவுண்டிகளை முழுசாக எடுத்துக் கட்டிய மூட்டைகள்தான். எந்தக் கவுண்டி எதில் என்று அரசு அவ்வப்போது ஒரு பட்டியல் வெளியிடுகிறது. உள்ளே எந்தக் கவுண்டி இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

1,08,779 என்பது பர்லி, மார்ட்டன் இரண்டும் மட்டும். 2010 சென்சஸ் வெளியீடுகள் அப்போது நடப்பில் இருந்த அந்தப் பட்டியலைத்தான் பயன்படுத்தின. 2013 பட்டியலில் ஆலிவர், சூ இரண்டும் சேர்ந்தன. அந்த நான்கு கவுண்டிகளின் 2010 எண்ணிக்கை 1,14,778. 2018ல் சூ வெளியே போனது. மிச்சம் மூன்றுக்கு 1,10,625. 2020ல் அந்த மூன்று கவுண்டிகளின் எண்ணிக்கை 1,33,626.

பிசகு எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். ஒரே மூன்று கவுண்டிகளை இரு ஆண்டுக்கும் வைத்தால் வளர்ச்சி 20.8%. 2010க்கு நான்கு கவுண்டிகள், 2020க்கு மூன்று என்று எடுத்தால் 16.4%. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் 22.8%. மூன்று விடையும் அரசின் அசல் எண்களிலிருந்துதான் வருகின்றன. சரியானது முதலாவது மட்டும்.

வரைபடக்காரன்

செல்வி மேடம் சொன்னதோடு இதையும் சேர்த்துக்குங்க. மாநில எல்லை தாண்டுற மெட்ரோவுல இன்னொரு தப்பு அடிக்கடி நடக்கும். ஃபார்கோ மெட்ரோ 2020ல 2,49,843. இதுல காஸ் கவுண்டி 1,84,525 மட்டும்தான் வடக்கு டகோட்டா. மிச்சம் 65,318 பேர் ஆத்துக்கு அந்தப் பக்கம் மினசோட்டாவோட கிளே கவுண்டி. கிராண்ட் ஃபோர்க்ஸும் அப்படித்தான்: 1,04,362ல 31,192 பேர் மினசோட்டாவோட போல்க் கவுண்டி. மெட்ரோ மொத்தத்தை எல்லாம் கூட்டி மாநில மொத்தத்துல கழிச்சு 'மிச்சம்தான் கிராமம்'னு போட்டா, அங்கேயே கிட்டத்தட்ட 96,500 பேர் காணாமப் போயிடுவாங்க.

கோப்புகளைக் கவுண்டியோட ஃபிப்ஸ் எண்ணை (அரசு கொடுத்திருக்கிற குறியீடு) வச்சுத்தான் இணைக்கணும், பேரை வச்சு இல்ல. இந்த மாநிலத்துக்கு முன்னொட்டு 38: காஸ் 38017, வார்ட் 38101, வில்லியம்ஸ் 38105. அந்தப் பத்தியை எண்ணா இல்லாம எழுத்தா திறங்க. வேற மாநிலங்களையும் சேர்த்து விரிக்கும்போது 08, 06ன்னு தொடங்குற குறியீடெல்லாம் முன்னாடி இருக்கிற சுழியத்தை இழந்துடும். தெற்கு டகோட்டாவையும் சேர்க்கிறதா இருந்தா ஷானன் கவுண்டி 2015ல ஒக்லாலா லகோட்டான்னு பேர் மாறி, குறியீடு 46113லிருந்து 46102 ஆச்சு. மாத்தாம விட்டா 2010ல ஒரு கவுண்டி அழிஞ்சு 2020ல ஒண்ணு முளைச்ச மாதிரி காட்டும்.

நிலவன்

நன்றி. அப்படியென்றால் மைனாட் 2018ல் மைக்ரோ, 2023ல் மெட்ரோ. ஊர் வளர்ந்ததால் மாறியதா, விதி மாறியதா?

பொன்னி_தரவு

ஊர் வளர்ந்ததால்தான். இந்தப் பட்டியலைப் போடுவது சென்சஸ் பீரோ அல்ல. கூட்டாட்சி அரசின் மேலாண்மை, வரவுசெலவு அலுவலகம். சென்சஸ் பீரோ எண்களைத் தருகிறது. விதியின் சாரம்: மையத்தில் 50,000 பேர் கொண்ட நகர்ப்புறப் பரப்பு இருந்தால் மெட்ரோ, 10,000 முதல் 50,000க்குள் இருந்தால் மைக்ரோ. மைனாட் நகராட்சி எல்லைக்குள் 2020ல் 48,377 பேர்தான். ஆனால் பார்க்கவேண்டியது நகராட்சி எல்லையை அல்ல, வீட்டு அடர்த்தியை வைத்து வரையப்படும் நகர்ப்புறப் பரப்பை. எல்லைக்கு வெளியே ஒட்டிக் கிடக்கும் குடியிருப்புகளையும் சேர்த்தபோது அது 50,000ஐத் தாண்டியது. 2023 ஜூலைப் பட்டியலில் வார்ட், மெக்ஹென்றி, ரென்வில் மூன்றும் மெட்ரோ ஆயின.

2021 ஜனவரியில் அந்த வரம்பை 1,00,000ஆக உயர்த்தலாம் என்று ஒரு முன்மொழிவு வந்தது. ஏற்கப்பட்டிருந்தால் பிஸ்மார்க், கிராண்ட் ஃபோர்க்ஸ் இரண்டும் மைக்ரோவாக இறங்கி, இந்த மாநிலத்தில் ஃபார்கோ ஒன்றுதான் மெட்ரோவாக நின்றிருக்கும். எதிர்ப்பு பலமாக இருந்ததால் ஜூலையில் 50,000 என்றே வைத்துவிட்டார்கள்.

சுற்றியுள்ள கவுண்டி சேர்வது வேலைப் பயணத்தைப் பொறுத்தது. அங்கே குடியிருந்து வேலைக்குப் போவோரில் குறைந்தது 25% பேர் மையக் கவுண்டிக்குப் போகவேண்டும். அல்லது அந்தக் கவுண்டியில் இருக்கும் வேலைகளில் 25% மையக் கவுண்டிக்காரர்கள் கையில் இருக்கவேண்டும். இந்தப் பயணக் கணக்கு அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயின் (சென்சஸ் பீரோ சில வீடுகளில் மட்டும் தொடர்ந்து எடுக்கும் மாதிரி ஆய்வு) ஐந்தாண்டு மாதிரியிலிருந்து வருகிறது. ஆலிவர் கவுண்டியின் மொத்த மக்கள்தொகையே 1,877. இவ்வளவு சிறிய இடத்தில் மாதிரிக்குள் சில குடும்பங்கள் மாறி விழுந்தாலே 25% கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகலாம். அதனால் சூ கவுண்டி பட்டியலிலிருந்து வெளியேறியதை வைத்து 'பிஸ்மார்க்குடன் அதன் தொடர்பு குறைந்தது' என்று எழுதிவிடாதீர்கள். அந்த முடிவைத் தாங்கும் பலம் அந்தத் தரவுக்கு இல்லை.

தாமரைச்செல்வி

இந்த மைனாட் மாற்றம்தான் உங்கள் வரைபடத்தின் பெரிய ஆபத்து. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

2018 பட்டியலின்படி மெட்ரோ கவுண்டிகள்: காஸ், பர்லி, மார்ட்டன், ஆலிவர், கிராண்ட் ஃபோர்க்ஸ். மற்ற 48 கவுண்டிகள் 2010ல் 3,45,327, 2020ல் 3,87,773. வளர்ச்சி 12.3%.

2023 பட்டியலின்படி மைனாட்டின் மூன்று கவுண்டிகளும் மெட்ரோ பக்கம் போய்விடும். மற்ற 45 கவுண்டிகள் 2010ல் 2,75,787, 2020ல் 3,10,227. வளர்ச்சி 12.5%.

எந்தப் பட்டியலை எடுத்தாலும், இரு முனைக்கும் ஒன்றையே வைத்தால் விடை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 2010க்குப் பழைய பட்டியல், 2020க்குப் புதிய பட்டியல் என்று கலந்தால் 3,45,327லிருந்து 3,10,227. அதாவது 10.2% வீழ்ச்சி! ஒருவர்கூட இடம் பெயராமலே மெட்ரோ அல்லாத பகுதி 35,100 பேரை இழந்ததாக எழுதிவிடுவோம். இந்த மாதிரித் தலைப்புச் செய்திகள் உண்மையில் கொள்கை வகுப்பவர்கள் மேசைக்குப் போகின்றன என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

யாழ்_கணிதன்

செல்வி அக்கா சொன்ன 12.5 வீதம் சரி. ஆனால் அந்த எண்ணை அப்படியே போட்டால் அதுவும் ஆளை ஏமாற்றும். 'மெட்ரோ அல்லாத வடக்கு டகோட்டா வளருது' எண்டு வாசிக்கிற ஆள் முழு மாநிலத்திலும் சனம் கூடுது எண்டுதான் நினைக்கும்.

எண்ணெய் வயல் கவுண்டிகள் நாலைப் பிரிச்செடுங்கோ. வில்லியம்ஸ் 22,398இலிருந்து 40,950. மெக்கென்சி 6,360இலிருந்து 14,704. ஸ்டார்க் 24,199இலிருந்து 33,646. மவுன்ட்ரெயில் 7,673இலிருந்து 9,809. இந்த நாலும் சேர்ந்து 38,479 பேர் கூடினவை. மெட்ரோ அல்லாத முழுப் பகுதியின்ரை கூடுதலே 34,440தான். அப்ப மிச்ச 41 கவுண்டியும் சேர்த்து 4,039 பேரை இழந்திருக்கு: 2,15,157இலிருந்து 2,11,118. கிட்டத்தட்ட 1.9 வீதம் குறைவு.

மெக்கென்சியின்ரை 131 வீத வளர்ச்சி அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவிலேயே முதலிடம். அதுதான் எல்லாற்றை கண்ணிலும் படும். 41 கவுண்டியின்ரை மெல்லிய தேய்வு ஒருத்தற்றை கண்ணிலும் படாது. உங்கடை வரைபடம் காட்ட வேண்டியது அதைத்தான் எண்டு நான் நினைக்கிறன்.

வரைபடக்காரன்

மாநிலம் முழுக்கப் பார்த்தாலும் அதே கதைதான். 6,72,591லிருந்து 7,79,094, கூடுதல் 1,06,503. காஸ், வில்லியம்ஸ், பர்லி, ஸ்டார்க், மெக்கென்சி, வார்ட், கிராண்ட் ஃபோர்க்ஸ், மார்ட்டன், இந்த எட்டு கவுண்டி மட்டும் 1,08,613. அதாவது மீதி 45ம் சேர்ந்து 2,110 குறைவு. இந்த மாநிலம் 1930ல தொட்ட 6,80,845ஐ 2010 சென்சஸ்லகூட எட்டல. தாண்டினது அதுக்கு அடுத்த பத்தாண்டுலதான், அதுவும் இந்த எட்டோட பலத்துல.

வரைபடத்துக்கு ரெண்டு யோசனை. சதவீத நிறத்தை மட்டும் போடாதீங்க. ஸ்லோப் கவுண்டி 727லிருந்து 706. 21 பேர் குறைஞ்சா 2.9%. காஸ்ல 2.9%ன்னா 4,300 பேருக்கு மேல. ரெண்டும் ஒரே நிறத்துல வந்தா பார்க்கிறவங்களுக்கு எதுவுமே புரியாது. அடியில சதவீத நிறம், மேல எண்ணிக்கைக்கு வட்டம். வட்டத்தோட பரப்பு ஆள் எண்ணிக்கைக்கு ஈடா இருக்கணும், விட்டம் இல்ல. −3லிருந்து +3% வரைக்கும் 'மாற்றம் இல்லை'ன்னு ஒரு வெளிர் நிறம் வச்சுடுங்க.

நிலவன்

2020 சென்சஸில் தனியுரிமைக்காக எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றத்தைக் கலந்தார்களே, அது கவுண்டி மொத்தத்தையும் பாதிக்குமா?

பொன்னி_தரவு

பாதிக்கும், ஆனால் மிகச் சிறிதாக. மக்கள் எண்ணிக்கையில் மாநில மொத்தம் மட்டும்தான் கலப்பில்லாமல் அப்படியே வைக்கப்பட்டது. கவுண்டிக்குச் சில நபர்கள் அளவில் வித்தியாசம் இருக்கலாம். காஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஸ்லோப்பின் 21 பேர் மாற்றத்தைப் பேசும்போது நினைவில் வைக்கவேண்டும். வீடுகளின் எண்ணிக்கை பிளாக் (சென்சஸின் மிகச் சிறிய நிலப் பிரிவு) வரைக்கும் கலப்பில்லாதது. ஆகவே சிறிய இடத்தில் சந்தேகம் வந்தால் வீட்டு எண்ணிக்கையின் மாற்றத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனி பிளாக் ஒன்றின் மக்கள்தொகையை மட்டும் எடுத்து எந்த முடிவும் சொல்லக்கூடாது. வீடே இல்லாத இடத்தில் ஆள் இருப்பதுபோலவும் வரும்.

தாமரைச்செல்வி

இனி மூன்றாவது கேள்வி, மதிப்பீடும் சென்சஸும். 2019 ஜூலை 1க்கான மாநில மதிப்பீடு 7,62,062. 2020 ஏப்ரல் 1 சென்சஸ் 7,79,094. இடையில் 17,000 பேர் வந்துவிடவில்லை. மதிப்பீடு 2010ஐ அடித்தளமாக வைத்து ஒவ்வொரு ஆண்டும் பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, இடப்பெயர்வைச் சேர்த்து நகர்கிறது. ஒன்பது ஆண்டுப் பிழை சேர்ந்துகொண்டே வந்து, சென்சஸ் எண்ணியபோது ஒரே நாளில் வெளிப்பட்டது.

கவுண்டிக்குள் போனால் பிழையின் திசைகூட ஒன்றாக இல்லை. வில்லியம்ஸுக்கு 2019 மதிப்பீடு 37,589, சென்சஸ் 40,950. மெக்கென்சிக்கு மதிப்பீடு 15,024, சென்சஸ் 14,704. அடுத்தடுத்த இரு எண்ணெய்க் கவுண்டிகளில் ஒன்றைக் குறைத்தும் மற்றதைக் கூட்டியும் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

காரணம் உள்நாட்டு இடப்பெயர்வைப் பிடிக்கும் முறை. 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருமான வரிக் கணக்கில் உள்ள முகவரியை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுகிறார்கள். அதற்கு மேற்பட்டவர்களுக்கு மெடிக்கேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பதிவு. எண்ணெய்க் கிணற்றில் இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்று சுழல்பவர் வரிக் கணக்கைச் சொந்த மாநில முகவரியிலேயே தாக்கல் செய்யலாம். உண்மையில் குடும்பத்தோடு குடியேறியவரும் ஓராண்டு தாமதமாகத்தான் பதிவில் தெரிவார். சென்சஸ் விதி வேறு: பெரும்பாலான நாட்கள் எங்கே தங்கித் தூங்குகிறாரோ அங்கேதான் எண்ண வேண்டும்.

யாழ்_கணிதன்

இதிலை இன்னொண்டு. ஒவ்வொரு வருசமும் புதுத் தொடர் வரேக்கை பழைய வருசங்களையும் திருத்தித்தான் வெளியிடுவினம். 'வின்டேஜ்' எண்டு போட்டிருக்கிறது அதைத்தான். ஒரு வின்டேஜிலை 2021ஐயும் இன்னொரு வின்டேஜிலை 2022ஐயும் எடுத்துக் கழிச்சால் வாறது சனத்தின்ரை மாற்றமில்லை, திருத்தம். எப்பவும் கடைசி வின்டேஜை முழுசாய் எடுங்கோ; கோப்பின்ரை பேரிலேயே வின்டேஜ் ஆண்டை எழுதி வையுங்கோ.

2020க்குப் பிறகான தொடரின்ரை அடித்தளமும் வெறும் சென்சஸ் இல்லை. மொத்த எண்ணிக்கை சென்சஸிலிருந்து. வயது, பால் பிரிவுக்கு மக்கள்தொகைப் பகுப்பாய்வையும் (பிறப்பு, இறப்பு போன்ற பதிவுகளை வைச்சுப் போடுற தனிக் கணக்கு) முந்தின மதிப்பீட்டையும் கலந்து ஒரு அடித்தளம் கட்டியிருக்கினம். அதாலை 2020 சென்சஸ் வயதுப் பிரிவையும் 2021 மதிப்பீட்டு வயதுப் பிரிவையும் நேரே ஒப்பிடக் கூடாது.

பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு மூண்டையும் கூட்டினாலும் மொத்த மாற்றத்தோடை சரியாய் வராது. 'எச்சம்' எண்டு ஒரு பத்தி இருக்கும். அது கவுண்டிகளின்ரை கூட்டுத்தொகையை நாட்டு மொத்தத்தோடை பொருத்திறதாலை வாறது. அதைக் கொண்டுபோய் இடப்பெயர்வுக்குள்ளை சேர்த்துவிடாதேங்கோ.

நிலவன்

அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயில் மெக்கென்சிக்கு வேறு எண் வருகிறதே? அதையும் மூன்றாவது பத்தியாகக் காட்டலாமா?

பொன்னி_தரவு

வேண்டாம். அது ஐந்தாண்டுகளின் சராசரி. 2016–2020 என்றால் அறுபது மாதங்களில் சேர்த்தது. வேகமாக மாறும் கவுண்டியில் சராசரி எந்த ஒரு ஆண்டையும் குறிக்காது. ஓராண்டு வெளியீடு 65,000க்கு மேல் உள்ள இடங்களுக்குத்தான். 2020 எண்ணிக்கைப்படி இந்த மாநிலத்தில் காஸ், பர்லி, கிராண்ட் ஃபோர்க்ஸ், வார்ட் நான்கு மட்டும் அதில் வரும். வருமானம், வேலைப் பயணம், வீட்டு வாடகை போன்றவற்றுக்கு அந்த சர்வேயைப் பயன்படுத்துங்கள், பிழை எல்லையோடு சேர்த்து. தலை எண்ணிக்கைக்கு வேண்டாம்.

சரவணன்_பொருளியல்

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. ரோலெட் கவுண்டி 13,937லிருந்து 12,187, 12.6% வீழ்ச்சி. அங்கே டர்ட்டில் மவுன்டன் பழங்குடி ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது. 2020ல் ஒதுக்கீட்டு நிலங்களில் வாழும் அமெரிக்க இந்தியர்களை 5.64% குறைவாக எண்ணியதாக சென்சஸ் பீரோவின் மறு ஆய்வே சொன்னது. அந்த அளவு கூட்டித் திருத்தியபிறகே வரைபடத்தில் காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

தாமரைச்செல்வி

கவலை நியாயமானது, திருத்தும் முறையை நான் ஏற்கமாட்டேன். 5.64% நாடு முழுவதற்குமான மதிப்பீடு. அந்த ஆய்வு கவுண்டி அளவுக்கு எண் தருவதில்லை. மேலும் 2010லும் இதே குறைவு 4.88% இருந்தது. நீங்கள் பார்ப்பது மாற்றத்தை என்பதால் இரு முனையையும் திருத்தவேண்டும். அப்படித் திருத்தினால் 12.6ல் ஒரு சதவீதப் புள்ளிகூட விளக்கப்படாது.

சரவணன்_பொருளியல்

தேசிய சராசரியை ரோலெட்டுக்குப் போட்டால் அப்படித்தான் வரும். ஆனால் 2020ல் உள்ளூர்க் குறைவு சராசரியைவிடப் பெரிதாக இருக்கக் காரணம் உண்டு. தபால்பெட்டி முகவரி மட்டும் உள்ள வீடுகளுக்குப் படிவம் அஞ்சலில் போகாது. பணியாளர் நேரில் வந்து வாசலில் வைக்கவேண்டும். அந்தப் பணி 2020 மார்ச் நடுவில் கொரோனாவால் நிறுத்தப்பட்டது. மே மாதத்தில்தான் படிப்படியாக மறுபடி தொடங்கியது. இங்கே 12.6% என்று வெறுமனே அடர் சிவப்பு பூசினால், எண்ணப்படாத மக்களை ஊரைவிட்டுப் போனவர்களாக மாற்றிவிடுகிறோம். இது அந்த மக்களுக்குக் கிடைக்க வேண்டிய நிதியோடு சம்பந்தப்பட்டது.

தாமரைச்செல்வி

அதை முழுமையாக ஏற்கிறேன். எண்ணைத் திருத்தாமல், ஒதுக்கீட்டு நிலம் உள்ள ரோலெட், பென்சன், சூ மூன்றுக்கும் கோடிட்ட நிரப்பு போட்டு 'குறைவாக எண்ணப்பட்டிருக்க வாய்ப்புள்ள பகுதி' என்று குறிப்பு வையுங்கள். பிறப்புப் பதிவு, பள்ளிச் சேர்க்கை இரண்டையும் அதே பத்தாண்டுக்கு எடுத்துப் பாருங்கள். சேர்க்கை குறையாமல் சென்சஸ் மட்டும் விழுந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். மவுன்ட்ரெயிலுக்கு இந்தச் சோதனை சுலபமாக உதவாது. அங்கே ஃபோர்ட் பெர்த்தோல்டு ஒதுக்கீட்டு நிலத்து மக்களும் எண்ணெய் வேலைக்கு வந்தவர்களும் ஒரே கவுண்டிக்குள் கலந்திருக்கிறார்கள்.

நிலவன்

புரிகிறது. 'கிராமப்புறம்' என்ற நிறத்துக்கு என்ன செய்வது?

பொன்னி_தரவு

'மெட்ரோ அல்லாத' என்றே எழுதுங்கள். வார்ட் கவுண்டிக்குள்ளும் காஸ் கவுண்டிக்குள்ளும் மைல்கணக்கில் கோதுமை வயல் இருக்கிறது. மெட்ரோ என்பதால் அது நகரமாகிவிடாது. சென்சஸ் பீரோவின் நகர்ப்புறம், கிராமப்புறம் என்ற பிரிவு தனி. அது கவுண்டி எல்லையைப் பார்ப்பதில்லை. அதையும் 2020ல் மாற்றினார்கள். முன்பு 2,500 பேர் இருந்தால் நகர்ப்புறம். இப்போது 5,000 பேர் அல்லது 2,000 வீடுகள் வேண்டும். 3,000 பேர் உள்ள சிற்றூர் ஒருவரையும் இழக்காமல் கிராமப்புறமாகிவிட்டது. ஆகவே 2010, 2020 கிராமப்புற மொத்தங்களைக் கழிப்பதும் அதே கலப்படப் பிழைதான்.

இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் வேளாண் துறையின் ஒன்பது படிக் குறியீட்டை எடுங்கள். மெட்ரோவை அளவால் மூன்றாகவும், மெட்ரோ அல்லாததை நகர்ப்புற மக்கள்தொகை, மெட்ரோவை ஒட்டியிருக்கிறதா என்ற இரண்டையும் வைத்து ஆறாகவும் பிரிக்கிறது. வில்லியம்ஸையும் ஸ்லோப்பையும் ஒரே பெட்டியில் போடாது.

யாழ்_கணிதன்

எந்த ஆண்டுப் பட்டியலை நிலையாய் வைக்கிறது எண்டதிலை எனக்கு ஒரு உறுதியான கருத்து இருக்கு. தொடக்க ஆண்டுக்குப் பொருந்தினதை வையுங்கோ. கடைசிப் பட்டியலை வைச்சால், வளர்ந்து மெட்ரோ ஆன இடங்களை எல்லாம் முன்கூட்டியே மெட்ரோ பக்கம் தள்ளிவிடுறம். மெட்ரோ அல்லாதது எண்டால் வளராமல் நிண்ட இடங்கள் மட்டும் எண்டு ஆகிவிடும். பிறகு 'அது ஏன் வளரேல்லை?' எண்டு கேக்கிறதிலை அர்த்தமில்லை.

பொன்னி_தரவு

நீண்ட கால ஆய்வுக்கு அது சரி. ஆனால் இன்றைய திட்டங்களோடு பொருத்திப் படிப்பவருக்கு 2023 பட்டியல்தான் தேவை. மைனாட் விஷயத்தில் 12.3, 12.5 என்று இரண்டும் நெருங்கியே வருவதால் முதன்மை வரைபடத்துக்கு 2018 பட்டியல், அடியில் ஒரு வரியில் 2023 விடை என்று இரண்டையும் தரலாம்.

நிலவன்

அப்படியே செய்கிறேன். மெக்கென்சிக்குள் எந்தப் பக்கம் வளர்ந்தது என்று டிராக்ட் (கவுண்டிக்குள் சென்சஸுக்காக வகுக்கும் பிரிவு) அளவில் காட்ட முடியுமா?

வரைபடக்காரன்

முடியும், ஆனா டிராக்ட் எல்லை நிலையா இருக்காது. ஒரு டிராக்ட்ல 1,200லிருந்து 8,000 பேர், நடுவுல 4,000 பேர் இருக்கணும்னு வரையறாங்க. கூட்டம் பெருகினா அடுத்த சென்சஸ்ல பிரிச்சு, பழைய எண்ணுக்குப் பின்னாடி .01, .02ன்னு சேர்ப்பாங்க. ஸ்லோப் மாதிரி கவுண்டிக்கு 706 பேர் இருந்தாலும் ஒரு டிராக்ட் கண்டிப்பா உண்டு.

2010க்கும் 2020க்கும் நடுவுல டிராக்ட் தொடர்புக் கோப்பு இருக்கு. அதுல பரப்பளவு ஒட்டுறது மட்டும்தான் இருக்கு, ஆள் கணக்கு இல்ல. பரப்பை வச்சுப் பங்கு போட்டா மெக்கென்சில படுமோசமா வரும். வாட்ஃபோர்ட் சிட்டியில 2020ல 6,207 பேர், அதைச் சுத்தி வெறும் நிலம். பரப்பு அதிகமா இருக்கிற பக்கம் ஆளையும் அள்ளிக் கொடுத்துடும். 2010 பிளாக்குகளை எடுத்து, ஒவ்வொண்ணும் எந்த 2020 டிராக்ட்டுக்குள்ள விழுதுன்னு பார்த்து, 2010 ஆள் எண்ணிக்கையைப் புது டிராக்ட்டுக்குக் கூட்டுங்க. எல்லையில வெட்டுப்படுற பிளாக்கை மட்டும் வீட்டு எண்ணிக்கை விகிதத்துல பிரிங்க. கூட்டி முடிச்சதும் கவுண்டி மொத்தம் சரியா 6,360 வருதான்னு பாருங்க. வரலைன்னா ஏதோ ஒரு பிளாக் ரெண்டு டிராக்ட்லயும் எண்ணப்பட்டிருக்கு, இல்ல விட்டுப்போயிருக்கு.